எதிர் ஷிப்ட் தம்பதி

நான் எழுதிய வசனத்தில் பாதியை மில் சங்கு தின்றிருக்கிறது. ஒரு நல்ல வரி வருகிற நேரம் பார்த்துத்தான் ஊதும். கேமராவை நிறுத்திவிட்டு, அது அடங்கும்வரை எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சங்கு ஓய்ந்தபிறகு நடிக்கிறவருக்கு வரி மறந்திருக்கும், எனக்குப் பொறுமை போயிருக்கும். தொண்ணூறுகளில் சிங்காநல்லூர்ப் பக்கம் உள்ளூர் கேபிளில் வாரம் ஒரு நகைச்சுவைத் தொடர் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், நான் மனதார வெறுத்த ஒரே ஜீவன் அந்தச் சங்குதான். அதற்கு உயிர் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பகலில் எனக்கு பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை. எந்த மோட்டார் எந்த லாரியில் எந்த ஊருக்குப் போகிறது என்று பார்த்து அனுப்புகிற செக்‌ஷன். சின்ன வயதில் கோயில் திருவிழாக்களுக்கு நாடகம் எழுதிய பழக்கம் இருந்தது. அது எப்படியோ எங்கள் ஏரியா கேபிள்காரர் காதுக்குப் போய்விட்டது. அவர் முன்பு வீடியோ கேசட் வாடகைக்கு விட்டவர். மொட்டை மாடியில் டிஷ் ஆண்டெனா வைத்து, தெருத்தெருவாக வயர் இழுத்து, சொந்தமாக ஒரு உள்ளூர் சானலும் நடத்தினார். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். எங்களிடம் மரியாதையான கோயமுத்தூர்த் தமிழ். கோபம் வந்தால் மட்டும் தெலுங்குக்குப் போய்விடுவார். அந்தத் தெலுங்கை நான் கற்றுக்கொள்ளவில்லை, முகத்தைப் பார்த்தாலே புரிந்தது.

"ஏனுங்க, பொறந்தநாள் வாழ்த்துக்கும் கிரைண்டர் வெளம்பரத்துக்கும் நடுவுல கால் மணி நேரம் சும்மா கெடக்குதுங்க. சிரிக்கற மாதிரி எதாச்சும் எழுதிக் குடுங்க" என்றார்.

எனக்கு ஒரே ஆசைதான். நான் எழுதியது, எழுதியபடியே ஒருவர் வாயிலிருந்து வர வேண்டும், அதைக் கேட்டு யாராவது சிரிக்க வேண்டும். இது பேராசை என்று அப்போது தெரியாது. சரி என்றேன்.

ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, சண்டை. வேறென்ன எழுதத் தெரியும்? நடிக்க இரண்டு பேர் கிடைத்தார்கள். இருவரும் ஒரே மில். புருஷனாக வந்தவர் நெட்டையான மனிதர், நாடக மேடையில் பழகிய குரல். வீட்டில் எருமை வைத்திருந்தார். பால் ஊற்றப் பகல் பொழுது வேண்டும் என்று கேட்டு வாங்கி, எப்போதும் அரை நைட் ஷிப்டிலேயே இருந்தார். அதாவது சாயங்காலம் உள்ளே போனால் நடுச்சாமம்தான் வெளியே. பெண்டாட்டியாக வந்தவர் குள்ளமான அம்மா, மாதா கோயில் கிறிஸ்துமஸ் நாடகங்களில் நடித்தவர். அவர் எப்போதும் பகல் ஷிப்ட். வார லீவும் அவருக்கு ஒரு நாள், இவருக்கு ஒரு நாள். காலையில் புருஷன் இருந்தால் பெண்டாட்டி மில்லில். மாலையில் பெண்டாட்டி வந்தால் புருஷன் மில்லில். என் புருஷனையும் பெண்டாட்டியையும் ஒரே அறையில் நிற்க வைக்க நான் பட்ட பாட்டில் ஒரு கல்யாணத்தையே முடித்திருக்கலாம்.

ஒரு நாள் கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு, ஷிப்ட் மாறுகிற நேரத்தில் மில் கேட்டில் போய் நின்றேன். உள்ளே போகிறவரையும் வெளியே வருகிறவரையும் ஒன்றாகப் பிடித்து ஒரு தேதி வாங்கிவிடலாம் என்று திட்டம். இரண்டு பேரும் கூட்டத்தில் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. எரிச்சலோடு நிற்கும்போது, என் பக்கத்தில் ஒரு ஆள் சைக்கிளை விட்டு இறங்கினார். வெளியே வந்த ஒரு பெண் நேராக அவரிடம் வந்தாள். அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் போட்டார்.

"கொழம்பு வெச்சிருக்கறன். சின்னவனுக்கு சித்த காச்சல். பால்காரன் வல்ல."

"செரிங்க."

அவ்வளவுதான். அவர் உள்ளே போனார், அவள் வெளியே போனாள். சுற்றிலும் பார்த்தேன். கேட் முழுக்க இதே கதை. சாவி கை மாறுகிறது, நாலு வார்த்தை, பிரிகிறார்கள். வீட்டில் எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும் என்பதற்காக எதிர் எதிர் ஷிப்ட் கேட்டு வாங்குகிற தம்பதிகள். நான் ஒரு மடையன் மாதிரி இரண்டு பேரை ஒரு அறையில் உட்கார வைக்க அலைந்துகொண்டிருந்தேன்.

அன்று வீட்டுக்குப் போய் எழுதியதுதான் எதிர் ஷிப்ட் தம்பதி. ஒரே வீட்டில் குடித்தனம் செய்கிறார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கவே மாட்டார்கள். நான் கம்பெனிக்குப் போகுமுன் காலையில் புருஷனை எடுப்போம், வேலை முடிந்து வந்து மாலையில் பெண்டாட்டியை எடுப்போம். கல்யாண வீடியோ எடுக்கிறவர் ஒருவர்தான் கேமரா. மில்லுக்கு எதிரே வரிசையாக இருந்த லைன் வீடுகளில், காலியாகக் கிடந்த கடைசி வீடுதான் செட்.

முதல் வாரம் சாவிச் சண்டை. புருஷன் போகும்போது சாவியை மீட்டர் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டுப் போவார். அவர் நெட்டை, அவருக்கு அது கை நீட்டுகிற தூரம். அந்த அம்மாவுக்கு எட்டாது. பக்கத்து வீட்டில் ஸ்டூல் வாங்கி ஏறி எடுப்பார். பழி வாங்க, மறுநாள் ஆட்டுக்கல்லுக்கு அடியில் சாவியைத் தள்ளி வைத்துவிட்டுப் போவார். புருஷனுக்கு இடுப்புப் பிடிப்பு. குனிந்தவர் நிமிர முடியாமல் அப்படியே வீட்டுக்குள் நடந்து, அப்படியே அடுப்பு பற்ற வைத்து, அப்படியே சாப்பிடுவார்.

ஆனால் எங்களைத் தூக்கி நிறுத்தியது கொடியில் காய்கிற லுங்கிதான். அந்த அம்மாவுக்குக் கோபம் வந்தால் திட்ட ஆள் இல்லை. லுங்கியைப் பார்த்துத் திட்டுவார், அதுவும் முழு மரியாதையோடு.

"ஏனுங்க, ரசத்துல உப்பு இல்லைன்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா? அப்படியே ஊத்திப்போட்டுப் போயிட்டீங்களே, உங்களுக்கே இது நல்லா இருக்குதுங்களா? பேசுங்க. ஏன் பேச மாட்டேங்கறீங்க?"

காற்றில் லுங்கி லேசாக ஆடும். "தலைய மட்டும் நல்லா ஆட்டுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார்.

மில் லைன்களில் அந்தக் கால் மணி நேரம் ஒரு குழாயடியிலும் குடம் இருக்காது என்று கேபிள்காரர் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸில் ஒரு அம்மா இன்னொருவரிடம் அந்த லுங்கி வசனத்தை அப்படியே சொல்லிச் சிரித்ததை நானே கேட்டேன். எழுதியபடியே சொன்னார். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டேன்.

எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: இவங்க ரெண்டு பேரும் எப்பங்க பாத்துக்குவாங்க? கேபிள்காரரும் அதையே பிடித்துக்கொண்டார். "பொங்கலுக்கு சேத்திப்போடலாமுங்களா?" என்பார். "தீவாளிக்காச்சும்?" என்பார். சேர்த்தால் தொடர் செத்துவிடும் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனார்.

அந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து போன். சாட்டிலைட் சானல்களுக்குத் தொடர் எடுக்கிற ஒரு தயாரிப்பாளர், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த இடத்தில் எங்கள் தொடரைப் பார்த்திருக்கிறார். கேசட்டோடு வரச் சொன்னார். கம்பெனி லேண்ட்லைனில் அரை மணி நேரம் பேசியதற்கு மேனேஜர் முறைத்த முறைப்பு எனக்கு உறைக்கவே இல்லை. போத்தனூரில் ரயில் ஏறியபோது, இனி மோட்டார்களை வேறு யாராவது லாரியில் ஏற்றட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கோடம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீடுதான் ஆபீஸ். தயாரிப்பாளர் கேசட்டைப் போட்டுப் பார்த்தார். சிரித்தார். ஆனால் தப்பான இடங்களில் சிரித்தார். சாவி எட்டாத இடத்தில் சும்மா இருந்தார், "ஏனுங்க" என்றவுடன் தொடையில் தட்டிக்கொண்டார்.

"அந்த கோயம்புத்தூர் பாஷை இருக்கே, பிரமாதம் சார். காமெடியே அதான்."

"இல்லைங்க. சண்டை போட எதிர்ல ஆள் இல்லைங்கறதுதான் காமெடி."

"கரெக்ட் சார். அதை அப்படியே வெச்சுக்கலாம். ஆளை மட்டும் எதிர்ல வெச்சுக்கலாம்."

கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை, முழு மனதோடு சொன்னார். ஹீரோவும் ஹீரோயினும் பெயர் உள்ளவர்கள், இரண்டு பேருக்கும் ஒரே நாளில் கால்ஷீட், அப்புறம் எதற்குத் தனித்தனியாக எடுக்க வேண்டும்? மில் யாருக்கும் புரியாது, இரண்டு பேரையும் பேங்கில் போட்டுவிடலாம். ஷிப்ட் வேண்டாம். லுங்கி ஹீரோவுக்குச் சரிப்படாது, நைட் பேண்ட் போட்டுக்கொள்ளட்டும். ஒவ்வொன்றையும் "சின்ன மாற்றம்தான் சார்" என்றார். ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் நான் வாதாடினேன், கெஞ்சினேன். ஒரு முறை மேஜையைத் தட்டிக்கூடப் பேசினேன். அவர் டீ சொன்னார். சம்பளமில்லாத லீவில் லாட்ஜில் தங்கி, எழுதி எழுதிக் கொடுத்தேன். காலையில் கொடுத்ததை மதியம் வேறொருவர் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருப்பார். நான் எழுதியதில் கடைசிவரை மிஞ்சியது அந்த ஸ்டூல் ஒன்றுதான். அதிலும் ஹீரோயின் ஏறவில்லை, பூச்சாடி வைத்திருந்தார்கள்.

தொடர் ஒளிபரப்பான நாளில் ஊருக்குத் திரும்பியிருந்தேன். லைன் வீட்டில், புருஷனாக நடித்தவரின் வீட்டில் எல்லோரும் கூடிப் பார்த்தோம். ஒரு சோபா. அதில் புருஷனும் பெண்டாட்டியும் ஒட்டி உட்கார்ந்து சண்டை போட்டார்கள். ஒவ்வொரு வரிக்கும் டிவிக்குள்ளிருந்து யாரோ கூட்டமாகச் சிரித்தார்கள். மெஷினில் பதிந்து வைத்திருக்கிற சிரிப்பு, வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்வார்களாம். டிவிக்கு வெளியே ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசியில் பெயர்கள் ஓடும்போது, வசன உதவி என்று என் பெயர் வந்தது. நான் சுட்டிக்காட்ட விரலைத் தூக்குவதற்குள் போய்விட்டது.

எங்கள் ஊரில் ஒருவரை நோகடிக்க யாருக்கும் வாய் வராது. கடைசியில் புருஷனாக நடித்தவர் தொண்டையைச் செருமினார்.

"நெம்ப நல்லா இருந்துதுங்க. சோபா நல்ல சோபாங்க."

அந்த மரியாதைக்கு அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி சென்னைப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை, இருக்கிற கால் மணி நேரத்தில் என் இஷ்டப்படி எழுதுவேன், உயிரே போனாலும் அவர்களைச் சேர்க்க மாட்டேன் என்று முடிவு செய்தேன். லாரிகளும் மோட்டார்களும் எனக்காகக் காத்திருந்தன.

அப்படியே இன்னும் கொஞ்ச காலம் ஓட்டினோம். அதற்குள் மில்லில் ஏதேதோ பேச்சு வந்தது. பஞ்சு வரவில்லை என்றார்கள், கரண்ட் பாக்கி என்றார்கள். முதலில் முழு நைட் ஷிப்ட் நின்றது. பிறகு ஒரு காலையில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டிப் பூட்டிவிட்டார்கள். திறக்கும் திறக்கும் என்று ஆட்கள் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். திறக்கவில்லை.

கேபிள்காரர் என்னைத் தேடி வந்தார். அவர் கெட்டவர் இல்லை. அந்த நேரத்தில் அவருக்கு அப்படித்தான் தோன்றியது.

"இனி ரெண்டு பேரும் ஊட்டுலதானுங்க இருக்கறாங்க. எப்ப வேணும்னாலும் வருவாங்க. சேத்தி வெச்சு எடுத்துப்போடலாமுங்க. சனங்க எத்தனை நாளா கேக்கறாங்க?"

நான் கத்தினேன். அவருக்குத் தெலுங்குகூட வரவில்லை. பிறகு மெதுவாக, "அவிங்களுக்கும் ஒரு மாறுதலா இருக்குமுங்க" என்றார். சரி, போய்த் தொலையட்டும் என்று, இருவரும் சந்திக்கிற எபிசோடை எழுதினேன்.

முதல் முறையாக இருவரும் ஒரே நேரத்தில் அந்த வீட்டுக்கு வந்தார்கள். புருஷன் சலவைச் சட்டை போட்டிருந்தார், அந்த அம்மா தலையில் பூ வைத்திருந்தார். கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கேமரா ஓடியது. அந்த அம்மா என் வசனத்தைச் சொன்னார், ஆனால் புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் கொடியில் கிடந்த லுங்கியைப் பார்த்துச் சொன்னார். புருஷன் பதிலைக் கதவைப் பார்த்துச் சொன்னார். திரும்ப எடுத்தோம். திரும்பவும் அப்படியே. முகத்தைப் பார்த்துப் பேசச் சொன்னால் இருவரும் வாயடைத்துப்போனார்கள். அதைவிட மோசம், எந்தச் சங்கும் ஊதி எங்களைக் காப்பாற்றவில்லை.

நான் பேப்பரைத் தூக்கி எறிந்துவிட்டேன். "விடுங்க, போதும். தொடரை நிறுத்திப்போடலாம்" என்றேன்.

அந்த அம்மாதான் பேசினார்.

"நிறுத்தாதீங்க. பழைய மாதிரியே எழுதுங்க. அவரு காத்தால வரட்டுமுங்க, நான் பொழுதோட வாரனுங்க. மில்லு ஓடுதுன்னே வெச்சு எழுதுங்க."

"ஓடலையேங்க" என்றேன். என் குரலில் இருந்த எரிச்சல் எனக்கே பிடிக்கவில்லை.

"எங்க ஊட்டுல இப்ப நானும் எங்க ஊட்டுக்காரரும் நாள் முச்சூடும் மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்கறமுங்க. லைன்ல எல்லா ஊட்டுலயும் அப்படித்தான். டிவிலயும் அதையேதான் பாக்கோணுமுங்களா?"

புருஷனாக நடித்தவர் தலையை ஆட்டினார். மறுநாள் அவர் காலையில் வந்தார், அந்த அம்மா சாயங்காலம் வந்தார். எதிர் ஷிப்ட்.

ஒரு சிக்கல் இருந்தது. மில் ஓடுகிற கதைக்குச் சங்கு வேண்டும். பழைய டேப்புகளைத் தேடி, சங்கு வந்து கெட்டுப்போன காட்சி ஒன்றைக் கண்டுபிடித்தோம். நான் தலையில் அடித்துக்கொண்டு வேண்டாம் என்று ஒதுக்கிய காட்சி. அதிலிருந்து சத்தத்தை மட்டும் எடுத்து, புருஷன் வேலைக்குக் கிளம்புகிற இடத்தில் ஒட்டினோம். சென்னையில் சிரிப்பை ஒட்டியதைப் பார்த்து நான் பேசாத பேச்சு இல்லை. இப்போது நானே உட்கார்ந்து சங்கை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

ஒளிபரப்பான அன்று லைன் வீட்டு நடையில் நின்றிருந்தேன். எல்லா வீட்டிலும் எங்கள் சானல்தான். சங்கு வந்தபோது அது ஒரு டிவியிலிருந்து வரவில்லை. வரிசையாக எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் ஊதியது. லைன் முழுக்க மில் சங்கு.

எதிர் வீட்டில் கட்டிலில் படுத்திருந்த ஒரு ஆள் சட்டென்று எழுந்தார். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்து ஒரு கையை நுழைத்தார். அடுப்படியில் இருந்த அவர் பெண்டாட்டி சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு பாதி தூரம் வந்துவிட்டாள். இருவரும் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர் சட்டையைக் கழற்றித் திரும்ப ஆணியில் மாட்டினார்.

"சங்கு ஊதுச்சுன்னு பாத்தன்" என்றார்.

"ஊதுச்சுங்க" என்றாள் அவள். காலித் தூக்குப்போசியைக் கையில் பிடித்தபடியே அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டிவியில் நான் எழுதியபடியே, நெட்டையான புருஷன் சாவியை மீட்டர் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டு மில்லுக்குப் போனார். எங்கோ இரண்டு மூன்று வீட்டில் சிரித்தார்கள். எதிர் வீட்டில் சிரிக்கவில்லை.